சாய நீரைத் தூய்மைப்படுத்த பி 25 டைட்டானியம் டைஆக்சைடு தூள்: பயன்படுத்தியவரின் மதிப்புரை

ஒளிவினையூக்கிகளை, அதாவது ஒளி பட்டால் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்களைக் கொண்டு நீரிலுள்ள சாயத்தைச் சிதைக்கும் ஆய்வகங்களில் பெரும்பாலானவை பி 25 என்னும் வெள்ளைத் தூளை ஒரு குப்பியிலாவது வைத்திருக்கும். எவோனிக் நிறுவனம் ஏரோக்சைடு என்ற வணிகப் பெயரில் விற்கும் டைட்டானியம் டைஆக்சைடு இது. நிறுவனம் டெகுசா என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே பெயர்பெற்றுவிட்டதால், ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் 'டெகுசா பி 25' என்ற பெயரைக் காணலாம். புதிதாக ஒரு வினையூக்கியைத் தயாரிப்பவர் எவரும் தம் பொருளை இதனோடு ஒப்பிட்டுக் காட்டியாக வேண்டும் என்ற அளவுக்கு இது அளவுகோலாகவே மாறிவிட்டது. சாயச் சிதைவுச் சோதனைகளில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வரும் நான், தூளின் தரத்தில் பெருங்குறை எதையும் காணவில்லை. இதைக் கொண்டு பெறப்படும் முடிவுகள் படிக்கப்படும் முறையில்தான் எனக்குக் கவலை உண்டு. ஆகவே இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

டைட்டானியம் டெட்ராகுளோரைடின் ஆவியை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் சுடருக்குள் செலுத்தி இந்தத் தூளைத் தயாரிக்கிறார்கள். சுடரிலேயே ஆக்சைடு உருவாகி உடனே குளிர்வதால் துகள்கள் மிகச் சிறியனவாக, சராசரியாக ஏறத்தாழ 21 நானோமீட்டர் அளவில் அமைகின்றன. ஒரு கிராம் தூளின் பரப்பளவு சுமார் 50 சதுர மீட்டர். படிக அமைப்பில் ஏறக்குறைய நான்கு பங்கு அனடேஸ், ஒரு பங்கு ரூட்டைல் என்று சொல்வது வழக்கம். சிறிதளவு படிக ஒழுங்கற்ற பகுதியும் உண்டு, இந்த விகிதம் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சற்று மாறுவதும் உண்டு. இரண்டு படிக வடிவங்களும் ஒட்டியிருப்பதால் ஒளி பட்டு உண்டாகும் மின்சுமைகள் எளிதில் பிரிகின்றன, அதனாலேயே இதன் வேகம் மிகுகிறது என்பது பரவலான விளக்கம். அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். விளக்கம் எதுவாயினும், தூய அனடேஸால் ஆன, ஒரு கிராமுக்கு 250 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பளவு கொண்ட ஹோம்பிகாட் யுவி 100 போன்ற தூள்கள் சந்தையில் இருக்கும்போதும், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு பரப்பளவே உள்ள பி 25 பல சாயங்களைச் சிதைப்பதில் அவற்றுக்கு ஈடுகொடுக்கிறது. பரப்பளவு எண்ணை மட்டும் பார்த்து வினையூக்கியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கையாள்வதற்கு இது அவ்வளவு இணக்கமான பொருள் அன்று. ஒரு லிட்டர் கொள்கலனில் 150 கிராம்கூட நிறையாத அளவுக்கு இலேசானது. மூடியைத் திறந்ததுமே காற்றில் பறக்கும். டைட்டானியம் டைஆக்சைடு தூசியைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2006இல் அதைப் பட்டியலிட்டிருப்பதால், முகக்கவசமும் புகைபோக்கிப் பெட்டியும் இல்லாமல் எடை போடக்கூடாது. நீரில் கலந்தால் துகள்கள் தனித்தனியாகப் பிரிவதில்லை. நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அளவுள்ள திரள்களாகவே மிதக்கும். மீயொலிக் குளியலில் சில நிமிடங்கள் வைத்த பிறகே கலவை ஓரளவு சீராகும். தயாரிப்பிலிருந்து தங்கிவிட்ட சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் காரணமாக, நூற்றுக்கு 4 பங்கு தூள் கலந்த நீரின் பி.எச். 3.5 முதல் 4.5 வரை இறங்குகிறது. தயாரிப்பாளரின் விவரத்தாளிலேயே இது குறிக்கப்பட்டிருந்தும், சோதனை செய்பவர்கள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. சாயம் தூளில் ஒட்டுவதும் ஒட்டாமல் விலகுவதும் பி.எச். அளவைப் பொறுத்தது என்பதால், முதலில் பார்த்துவைக்க வேண்டிய எண் இதுவே.

இதன் செயல்முறை 1972இல் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்முனையில் ஒளியைக் கொண்டு நீரைப் பிளந்து காட்டியதோடு பரவலாக அறியப்பட்டது. அனடேஸில் எலக்ட்ரான்கள் நிரம்பிய கீழ்ப் பட்டைக்கும் வெறுமையான மேல் பட்டைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று மேல் பட்டைக்குத் தாவுகிறது, அது இருந்த இடத்தில் நேர்மின் துளை மிஞ்சுகிறது. துளையானது துகளின் மேற்பரப்பிலுள்ள நீரிலிருந்தோ ஹைட்ராக்சைடிலிருந்தோ ஹைட்ராக்சில் தனியுறுப்பை, அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்டு விரைந்து வினைபுரியும் துணுக்கை, உண்டாக்குகிறது. எலக்ட்ரானைக் கரைந்துள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடாக மாறுகிறது. பிற பொருள்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் வலிமையைக் காட்டும் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் ஹைட்ராக்சில் தனியுறுப்புக்கு 2.8 வோல்ட்; ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36. சாய மூலக்கூறின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய வலிமை இதிலிருந்தே வருகிறது. ஆனால் உண்டாகும் எலக்ட்ரான்–துளை இணைகளில் பெரும்பாலானவை எதையும் செய்யாமலேயே மீண்டும் சேர்ந்து வெப்பமாகி வீணாகின்றன. இந்த வீணடிப்பைக் குறைப்பதற்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. கலக்கியை நிறுத்திவிட்டாலோ காற்றை ஊதாமல் விட்டாலோ சிதைவு வேகம் சரிவதைக் கண்ணாரக் காணலாம்.

இனி செயல்திறனுக்கு வருவோம். ஒரு லிட்டர் நீரில் 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலம், 1 கிராம் பி 25, நன்றாகக் கலக்கப்படும் கண்ணாடிக் கலம், 365 நானோமீட்டர் ஒளி உமிழும் விளக்கு ஆகியவற்றைக் கொண்ட எளிய அமைப்பிலேயே நீலம் வேகமாக மறையும். இருட்டில் அரை மணி நேரம் வைத்து, சாயம் தூளின் மேல் ஒட்டும் பரப்புக் கவர்தல் சமநிலையை எட்டிய பிறகு விளக்கைப் போட்டால், 664 நானோமீட்டரில் உள்ள உறிஞ்சல் முகடு சீராகத் தாழ்வதை நிறமாலைமானியில் காணலாம்; நேரத்துக்கு எதிரே மடக்கை மதிப்பைக் குறித்தால் ஏறத்தாழ நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் சாய்வை ஒரே விளக்கு, ஒரே கலம், ஒரே தொகுதித் தூள் ஆகியவற்றோடு திரும்பத் திரும்ப எடுத்தாலும் பெரிதாக மாறாது. அளவுகோலாக நிற்பதற்கு வேண்டிய முதல் தகுதி இந்த நிலைத்தன்மை; அதில் பி 25 முழு மதிப்பெண் பெறுகிறது. தூளின் அளவை லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் கூட்டுவதால் பெரும்பாலும் பயனில்லை. கலவை பாலைப் போல் வெளுத்து ஒளியைச் சிதறடிப்பதால், கலத்தின் உட்பகுதியிலுள்ள துகள்கள் வெளிச்சமே காணாமல் சுழன்றுகொண்டிருக்கும்.

சாயத்தை மாற்றினால் நிலைமையும் மாறுகிறது. பி 25இன் மேற்பரப்பு மின்சுமை பி.எச். 6.5 அளவில் சுழியாகிறது. அதற்குக் கீழே நேர்மின் சுமையும், மேலே எதிர்மின் சுமையும் கொள்கிறது. ஆகவே மெத்தில் ஆரஞ்சு போன்ற எதிர்மின் அசோ சாயம் அமில நீரில் துகளோடு நெருங்கி விரைவாகச் சிதைகிறது. நேர்மின் சாயமான மெத்திலீன் நீலத்துக்கு நடுநிலையும் காரமும் ஏற்றவை. பி.எச். என்ன என்று சொல்லாமல் இரண்டு சாயங்களின் சிதைவு வேகத்தை ஒப்பிடும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். நீர் தெளிந்துவிட்டது என்பதும் சாயம் அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஒரு சாயத்துக்கு நிறம் தருவது அதன் மூலக்கூறில் நீண்டு தொடரும் இரட்டைப் பிணைப்புகளின் அமைப்பு. அசோ சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையேயான பிணைப்பே அதன் மையம். அந்த ஒரு பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும்; பென்சீன் வளையங்களும் அவற்றில் தொங்கும் அணுத் தொகுதிகளும் அப்படியே நீரில் இருக்கும். நிறம் முழுவதும் மறைந்த பின்னரும் நீரிலுள்ள கரிமச் சேர்மங்களின் அளவைக் காட்டும் மொத்த கரிமக் கார்பனின் கணிசமான பங்கு குறையாமல் இருப்பது சோதனைகளில் வழக்கமாகக் காணப்படுவது. மெத்திலீன் நீலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிஜன் போதாத நிலையில் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு அது நிறமற்ற லியூகோ வடிவத்துக்கு ஒடுங்கிவிடும். காற்றுப் பட்டதும் நீலம் மீண்டும் தோன்றும். அங்கே சாயம் சிதையவே இல்லை. ரோடமின் பி இன்னும் நுட்பமாக ஏமாற்றும்: அதன் எத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழலும்போது 554 நானோமீட்டரில் இருந்த முகடு படிப்படியாக 498 நானோமீட்டரை நோக்கி நகர்கிறது. 554இல் மட்டும் அளந்துகொண்டிருப்பவருக்கு வேகமான சிதைவாகத் தோன்றுவது, உண்மையில் மூலக்கூறின் உடல் குலையாமல் ஓரங்கள் மட்டும் கழன்ற மாற்றமாக இருக்கக்கூடும். ஆகவே ஒற்றை அலைநீளத்தை விட்டு முழு நிறமாலையையும் பதிவு செய்ய வேண்டும், அதனுடன் கரிமக் கார்பனையோ குறைந்தபட்சம் நீரிலுள்ள பொருள்களை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற வேண்டிய ஆக்சிஜனின் அளவான வேதி ஆக்சிஜன் தேவையையோ அளக்க வேண்டும். மெத்திலீன் நீலத்திலுள்ள கந்தகம் சல்பேட்டாகவும், நைட்ரஜன் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் நீரில் வந்து சேர்வதை, அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி நிறப்பிரிகை முறையில் காட்டிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. புற ஊதா ஒளியும் போதிய நேரமும் கொடுத்தால் பி 25 இந்தச் சோதனையிலும் தேறுகிறது என்பதே இதன்மீது எனக்கு உள்ள மதிப்புக்குக் காரணம்.

தேறாத இடமும் ஒன்று உண்டு. துணியோடு பிணையும் வினைச் சாயங்கள் பலவற்றில் கார்பனும் நைட்ரஜனும் மாறி மாறி அமைந்த ட்ரையசின் வளையம் இருக்கிறது. ஒளிவினையூக்கம் அந்த மூலக்கூறின் மற்றப் பகுதிகளை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு, அதே வளையத்தைக் கொண்ட சயனூரிக் அமிலத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு அந்த வளையத்தை உடைப்பதில்லை. கரிமக் கார்பன் வரைபடம் கீழே இறங்கி ஓரிடத்தில் கிடைமட்டமாகிவிட்டால், விளக்கின் மீதோ தூளின் மீதோ பழி போடும் முன் சாயத்தின் அமைப்பைப் பார்ப்பது நல்லது.

பி 25 மீது எல்லோரும் சொல்லும் குறை, அது புற ஊதா ஒளியை மட்டுமே பயன்படுத்துகிறது என்பது. சூரிய ஒளி ஆற்றலில் புற ஊதாவின் பங்கு 4 முதல் 5 விழுக்காடுதான். எஞ்சியது இந்த வெள்ளைத் தூளுக்குப் பயன்படாமல் போகிறது. குறை நியாயமானதே. அதைப் போக்கக் கட்புலனாகும் ஒளியில் இயங்கும் பொருள்களைப் பலர் தேடுகிறார்கள்: 2.7 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட கிராஃபைட் வடிவ கார்பன் நைட்ரைடு, 2.4 கொண்ட பிஸ்மத் வனடேட், அதே அளவுள்ள காட்மியம் சல்பைடு, நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டைஆக்சைடு என்று பட்டியல் நீளும். இடைவெளியைக் குறைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. கார்பன் நைட்ரைடில் உண்டாகும் துளைக்கு நீரிலிருந்து நேரடியாக ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்கும் அளவுக்கு ஆற்றல் இல்லை. பிஸ்மத் வனடேட்டின் எலக்ட்ரானுக்கு ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக ஒடுக்கும் வலிமை போதாது. காட்மியம் சல்பைடு ஒளி பட்டால் தானே அரித்துக் காட்மியத்தை நீரில் விடும். சாயத்தை நீக்கப் போய் நச்சு உலோகத்தைச் சேர்க்கும் பொருளை நீர்த் தூய்மைக்கு எவரும் பரிந்துரைக்கக்கூடாது. துத்தநாக ஆக்சைடு புற ஊதாவில் பி 25க்கு இணையாகவும் சில சாயங்களில் அதைவிட வேகமாகவும் இயங்கும் என்றாலும், அமிலத்திலும் கடுங்காரத்திலும் கரைந்துபோகிறது, ஒளியிலும் மெல்ல அரிக்கிறது. இருண்ட இடத்திலும் வெளிச்சத்திலும், அமிலத்திலும் காரத்திலும் கரையாமல் தாங்கி நிற்பது டைட்டானியம் டைஆக்சைடின் தனிச்சிறப்பு.

கட்புலனாகும் ஒளியில் வேகமாகச் சாயத்தை நீக்கியதாகச் சொல்லும் முடிவுகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். சாயம் என்பதே கட்புலனாகும் ஒளியை உறிஞ்சும் பொருள். ஒளியை உறிஞ்சிய சாய மூலக்கூறு தன் எலக்ட்ரானைத் துகளுக்குள் செலுத்திவிட்டுத் தானே சிதைந்துபோக முடியும். இந்த வழியில், கட்புலனாகும் ஒளியை உறிஞ்சாத பி 25கூட ரோடமின் பியைப் பச்சை விளக்கின் கீழ் நிறமிழக்கச் செய்யும். ஆகவே சாயத்தை மட்டும் வைத்து ஒரு வினையூக்கி கட்புலனாகும் ஒளியில் இயங்குகிறது என்று நிறுவ இயலாது. ஃபீனால் போன்ற நிறமற்ற சேர்மத்தை அதே ஒளியில் சிதைத்துக் காட்ட வேண்டும். வினையூக்கிப் பரப்புகளைச் சோதிக்க மெத்திலீன் நீலத்தைப் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 10678 என்ற 2010ஆம் ஆண்டுத் தரநிலை புற ஊதா ஒளிக்கு உரியதாகவே எழுதப்பட்டிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஆய்வகக் கலத்திலிருந்து உண்மையான சாயக் கழிவுநீருக்குப் போகும்போது பி 25இன் வேகம் பெரிதும் வீழ்கிறது. வினைச் சாயமிடும் தொட்டியில் சாயத்தைத் துணியில் ஏற்றுவதற்காக லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ சேர்க்கப்படுகிறது. பிணைப்பை நிலைநிறுத்தச் சோடா சாம்பல் போட்டு நீரைக் கடுங்காரமாக்குகிறார்கள். வெளிவரும் நீரில் இவை அனைத்தும் இருக்கின்றன. குளோரைடு துளைகளையும் தனியுறுப்புகளையும் விழுங்குகிறது. கார்பனேட்டு ஹைட்ராக்சில் தனியுறுப்போடு வினைபுரிந்து அதைவிட வலிமை குறைந்த கார்பனேட்டுத் தனியுறுப்பாக மாற்றிவிடுகிறது. சல்பேட்டும் பாஸ்பேட்டும் துகளின் மேற்பரப்பிலேயே அமர்ந்து சாயத்துக்கு இடமில்லாமல் செய்கின்றன. மாவுப்பசை, பரப்பு இழுவிசைக் குறைப்பிகள் முதலிய துணைப்பொருள்களும் தனியுறுப்புகளுக்காகப் போட்டியிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அடர்த்தியான சாய நீர் புற ஊதா ஒளியைத் தானே குடித்துவிடுகிறது. துகள்களை எட்டும் ஒளி சொற்பம். பி 25ஐ அப்படிப்பட்ட நீரில் நேரடியாகக் கொட்டிவிட்டு, ஆய்வகத்தில் கண்ட வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு முடிந்து, எஞ்சிய மங்கலான நிறமும் எளிதில் மக்காத சேர்மங்களும் குறைந்த அளவில் இருக்கும் நீருக்கு இறுதிக் கட்டமாக இதைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்பது என் முடிவு. எதிர் சவ்வூடு பரவலில் ஒதுக்கப்படும் உப்பு மிகுந்த நீருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

தூளை நீரிலிருந்து திரும்பப் பிரிப்பது அடுத்த தொல்லை. ஆய்வகத்தில் மையவிலக்குக் கருவி போதும், 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியைப் பயன்படுத்துவோர், வடிகட்டிச் சவ்வே சாயத்தை உறிஞ்சிக்கொள்கிறதா என்று வினையூக்கி இல்லாத சாய நீரைச் செலுத்திப் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு சரிபார்ப்பைத் தவிர்த்ததால் மிகையாகக் காட்டப்பட்ட நீக்க விழுக்காடுகள் குறைவாக இருக்காது என்று எண்ணுகிறேன். பெரிய அளவில் செய்யும்போது பி.எச். அளவை மின்சுமை சுழியாகும் 6.5 அருகே கொண்டுவந்து அசையாமல் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படிகின்றன. மேல்நீரை வடித்துவிட்டுத் தூளின் பெரும்பகுதியை மீட்கலாம். எஞ்சும் மென்மூட்டத்துக்கு நுண்வடிகட்டல் வேண்டும். கண்ணாடியிலோ பீங்கானிலோ தூளை ஒட்டவைத்துப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நீரோடு தொடர்புகொள்ளும் பரப்பு சுருங்குவதால் வேகம் கணிசமாகக் குறையும், நாளடைவில் பூச்சு உதிரவும் செய்யும். மறுபயன்பாட்டில் தூள் மெல்ல மஞ்சளாவது, சிதைவின் இடைப்பொருள்கள் ஒட்டிக்கொண்டதைக் காட்டுகிறது. தூய நீரில் கழுவி, சாயம் இல்லாமலேயே புற ஊதா ஒளியில் சில மணி நேரம் வைத்தால் வெண்மையும் வேகமும் பெரும்பாலும் திரும்புகின்றன.

சாயச் சிதைவில் முறையான ஆய்வைத் தொடங்குபவர்களுக்கும், தாம் தயாரித்த வினையூக்கியை நேர்மையாக எடைபோட விரும்புபவர்களுக்கும், கல்லூரிச் செய்முறை வகுப்பில் ஒளிவேதியியலைக் கண்முன் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் பி 25ஐ மனமாரப் பரிந்துரைக்கிறேன். கட்புலனாகும் ஒளியில் மட்டும் வேலை செய்ய வேண்டியவர்களும், உப்பு மிகுந்த அடர் கழிவுநீரை ஒரே கட்டத்தில் தெளியவைக்க எண்ணுபவர்களும் வேறு வழியைப் பார்க்க வேண்டும். வாங்குபவர்கள் தொகுதி எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வதோடு, ஒவ்வொரு புதிய பையையும் திறந்தவுடன் ஓர் எளிய சோதனை செய்துவிடுவது நல்லது: ஹைட்ராக்சில் தனியுறுப்போடு வினைபுரிந்தால் ஒளிரும் பொருளாக மாறும் டெரிப்தாலிக் அமிலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, அதோடு தூளைக் கலந்து, உங்கள் விளக்கின் கீழ் வைத்து, 315 நானோமீட்டர் ஒளியால் தூண்டி 425 நானோமீட்டரில் ஒளிர்வை அளந்தால், ஹைட்ராக்சில் தனியுறுப்பு எவ்வளவு உண்டாகிறது என்பது சாயத்தின் குழப்பங்கள் எதுவும் இல்லாமல் தெரிந்துவிடும். பழைய பையின் எண்ணோடு புதிய பையின் எண் ஒத்துவந்தால் சாயச் சோதனைகளைத் தொடரலாம். ஒத்துவராவிட்டால் விளக்கின் செறிவை அளந்து பார்த்துவிட்டு, புதிய பையின் அனடேஸ், ரூட்டைல் விகிதத்தை, படிக வடிவங்களைப் பிரித்தறியும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையில் சரிபார்க்க வேண்டும்.